திருப்பத்தில் கட்டிய பேனர்

என் மகன் அருண், எலும்பில் வரும் அரிய வகைப் புற்றுநோயால் இருபத்திரண்டு வயதில் இறந்துபோனான். முதலாண்டு நினைவு நாளன்று அவனுடைய நண்பர்கள் எங்கள் தெருத் திருப்பத்தில் ஆளுயரத்துக்குப் பேனர் கட்டினார்கள். வைத்தியத்துக்கு முன்னால் எடுத்த படம்; தலை நிறைய முடியோடு சிரித்துக்கொண்டிருந்தான். நான் வீட்டுக்குப் போக மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போது பேனருக்குப் பின்னாலிருந்து சைக்கிளில் திரும்பிய பெண்ணுக்கு நேர் எதிரே ஒரு வேன் வந்துவிட்டது. டிரைவர் பிரேக் போட்டதில் வேன் அவளுடைய முன்சக்கரத்தை உரசிக்கொண்டு நின்றது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

“பேனர் மறைச்சிடுச்சும்மா, வண்டி வர்றதே தெரியல” என்றாள் என்னிடம், படத்தில் இருப்பவன் யாரென்று தெரியாமல்.

“அவுத்துடுங்கப்பா” என்றேன், அங்கே நின்றிருந்த நண்பர்களிடம்.

“இன்னிக்கு ஒரு நாளாவது இருக்கட்டும்மா” என்றான் ஒரு நண்பன்.

“இன்னொரு வீட்டுப் புள்ளைக்கும் இதே மாதிரி பேனர் கட்டணுமா?”

பேனரை அவிழ்த்தார்கள்.

இப்போதெல்லாம் அவன் நினைவு நாளில் அவர்கள் பேனர் கட்டுவதில்லை. விடியற்காலையில் வந்து, அந்தத் திருப்பத்தில் இருக்கும் வேகத்தடைக்கு, தூரத்திலேயே தெரியும்படி வெள்ளை பெயிண்ட் அடிக்கிறார்கள். நான் டீ போட்டுக் கொண்டுபோகிறேன். அங்கே ஒவ்வொரு வண்டியும் வேகம் குறையும்போது, என் பிள்ளைக்காகத்தான் நின்று போகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

– சரோஜா, ரெட்டியார்பாளையம், புதுச்சேரி