பாஞ்சாலி தேய்த்த எண்ணெய்

பாஞ்சாலி, தாண்டவராயனின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீர்த் துணியால் ஒவ்வொரு விரலையும் ஊறவைத்து, சதையில் படாமல் வெட்டுவாள். கிளியனூர்க்காரி. பத்தொன்பது வருடமாகத் திண்டிவனத்தில் அந்த வீட்டில் வேலை.

தாண்டவராயன் பத்திரம் எழுதியவர். பக்கவாதத்தில் படுத்து, பேச்சுப் போனபின் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். பாஞ்சாலியைக் கூப்பிட வேண்டுமென்றால் ‘வேலைக்காறி’ என்று எழுதுவார், அந்தக் காலத்துப் பத்திரங்களில்போல பெரிய ‘ற’ போட்டு. அது அவளுக்கு உறுத்தியதே இல்லை, நான் விழுப்புரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி கொடுத்து அனுப்பிய சித்ரா வரும்வரை. சித்ராவை அவர் பதினோராம் நாளே பெயர் எழுதிக் கூப்பிட்டார்.

“என் பேரு மட்டும் எழுத வரலையா உங்களுக்கு?” என்று பாஞ்சாலி கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைக்கே சித்ரா, “அக்கா, இடுப்புல செவந்திருக்குது. தேய்ச்சிடாதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வச்சா போதும்” என்றாள்.

“சொல்ல வந்துட்டா! இந்த ஒடம்ப நான் பாத்துக்கினு இருந்தப்ப நீ மூக்கு ஒழுகிக்கினு இருந்த.”

சித்ரா குளிக்கப் போனதும் பாஞ்சாலி நல்லெண்ணெய் காய்ச்சி, சிவந்த இடத்தை அழுத்தித் தேய்த்தாள். ரத்தம் கட்டியிருக்கிறது, தேய்த்தால் கலைந்துவிடும் என்பது நம் பக்கத்து நினைப்பு. படுக்கையில் கிடப்பவர்களுக்கு அது ஆகாது. சாயங்காலம் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது.

பெரியவரின் மருமகள் கிருஷ்ணவேணி எனக்கு போன் போட்டாள். “நீங்க அனுப்புன பொண்ணு ஒழுங்கா திருப்பிப் போடல. நாளைக்கே வந்து கூட்டினு போயிடுங்கம்மா.” பக்கத்தில்தான் பாஞ்சாலி நின்றிருக்கிறாள். வாய் திறக்கவில்லை. சித்ரா போனால் போதும் என்று அவள் நினைத்தது நடந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். சித்ரா பையை மடித்து வைத்திருந்தாள். கிளம்புமுன் புண்ணைக் கழுவி மருந்து போடச் சொன்னேன். பெரியவர் முனகினார். பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள்.

“இவ போய்ட்டா இத யாரு கழுவுறது?”

“நீதான்” என்றேன்.

அவள் குனிந்து புண்ணைக் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு கிருஷ்ணவேணியிடம், “நான்தாம்மா எண்ணெய் போட்டுத் தேய்ச்சேன். அவ வேணாம்னுதான் சொன்னா” என்றாள்.

“அப்ப இனிமே கட்டில் பக்கம் போவாத. அடுப்ப மட்டும் பாரு. சித்ரா இங்கயே இருக்கட்டும்.”

பாஞ்சாலி அடுப்படிக்குப் போனாள். கேப்பைக் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்துச் சித்ராவிடம் நீட்டினாள்.

“எடது பக்கமா ஊட்டு. வலது பக்கம் வழிஞ்சிடும்.”

கிண்ணம் காலியாகும்வரை அறை வாசற்படியை விட்டு நகரவில்லை. ஒரு சொட்டாவது சிந்துகிறதா என்று சித்ராவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.