ஷார்ட்கட்டில் வந்த ஸ்கேன்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான்தான் நிபுணர். "எதையாவது அழிச்சிடுவே" என்று மனைவியை மவுஸைத் தொடவே விட்டதில்லை.

அண்ணனின் பழைய ஸ்கேனைப் பார்த்த பிறகே ஆபரேஷன் என்றார் திருச்சி டாக்டர். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோனேன். திறக்கவில்லை. அண்ணன் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருந்த பெண் நிமிர்ந்தார். "சார், இது வெறும் ஷார்ட்கட். வீட்டைக் கேட்டா விலாசத்தைக் கொண்டு வந்திருக்கீங்க."

வீட்டு நம்பரைக் கொடுத்தேன். அவரே என் மனைவிக்குப் போன் செய்தார். "பதறாதீங்கக்கா. ஓரத்துல அம்புக்குறி போட்ட படம் வேணாம். அது மேல ரைட் கிளிக் பண்ணி 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' அழுத்துங்க, அசல் ஃபைல் இருக்குற இடத்தைக் காட்டும்."

பத்தே நிமிடத்தில் மனைவி அனுப்பிய மெயிலில் ஸ்கேன் வந்தது. அண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள், பிழைத்தார்.

அந்தப் பெண்ணுக்கு அங்கேயே நன்றி சொன்னேன். மனைவியிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.