படகில் குடியிருந்த பிலோமினா அக்கா

ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது சுவாமியார் என்னைத் தனியே அழைத்தார். “பிலோமினா விடிய ஆசுப்பத்திரியிலை மோசம் போயிட்டா, பிள்ளை,” என்றார். இருதய வருத்தம் என்று தெரியும்; சாவு இவ்வளவு கிட்ட என்று தெரியாது. முதல்நாள் மாலைதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

மன்னாரில் பிறந்த பிலோமினா அக்காவும் யாழ்ப்பாணத்தவளான நானும் இத்தாலியில், பலெர்மோவில் ஒரே வீட்டில் வேலை செய்தோம். அவர் சமைப்பார், நான் துடைத்துக் கழுவுவேன். கால்சாப் பகுதியில் ஒரே அறையில் ஐந்து பெண்கள் படுத்தோம்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, குளிர் தொடங்கும் நேரம். எங்கள் எசமானி சிஞ்ஞோராவின் தங்கை லுச்சியா, ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு பாய்மரப் படகு வாங்கி அதிலேயே குடியேறியிருந்தார். வசந்தத்தில் நல்ல காற்று வந்ததும் கிரேக்கத் தீவுகளுக்குப் போக அவருக்குத் துணைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. சமையலறைக்கு வந்து எங்கள் இருவரையுமே கேட்டார். நான் யோசிக்கும்போதே அக்கா, “ஓம், நான் வாறன்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டார்.

“அப்பா மீன்பிடிக்காரர். ஒரு நாளும் என்னை வள்ளத்திலை ஏத்தேல்லை,” என்றார் என்னிடம், உடுப்புகளை அடுக்கியபடி.

குளிர்காலம் முழுவதும் படகு பழைய துறைமுகத்தில் கட்டியபடி கிடந்தது. வியாழன் பிற்பகல் எனக்கு ஓய்வு, போய்ப் பார்ப்பேன். போர்வைகளில் ஈரவாடை அடிக்கும். ஆனால் அக்காவுக்கென்று ஒரு சின்ன அறையும் உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவும் இருந்தன. லுச்சியாவும் அவரும் எதிரெதிரே அமர்ந்து கோப்பி குடித்தார்கள். வேலை வீட்டில் நாங்கள் நின்றுகொண்டே குடிப்பவர்கள். அந்த மனுசி “பிலோ, பிலோ” என்று கூப்பிடக் கேட்க எனக்கு வயிறு எரியும். அதுவரை அவரைப் பிலோ அக்கா என்று சுருக்கிக் கூப்பிட்டது நான் ஒருத்திதான்.

மார்ச் வந்தும் சூறைக்காற்று விடவில்லை. வானொலியில் காலநிலை கேட்டு லுச்சியா உதட்டைப் பிதுக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர நிம்மதி.

“நீயும் வாவன். இடம் கிடக்கு,” என்றார் அக்கா.

“வேலையை விட்டால் வதிவிட பெர்மெசோவை எப்பிடிப் புதுப்பிக்கிறது, அக்கா? ஊரிலை பிள்ளையள் என்னை நம்பிக்கொண்டு இருக்குதுகள்.”

அக்கா தலையாட்டினார். இன்னொருதரம் கேட்கமாட்டாரா என்றிருந்தது எனக்கு.

ஏப்ரலில் போனார்கள். செப்டெம்பரில் அக்கா கறுத்து, மெலிந்து, சிரித்துக்கொண்டு திரும்பினார். பிறகு ஒவ்வொரு ஆண்டும் அப்படியே.

ஆசுப்பத்திரியில் அந்தக் கடைசி மாலை கேட்டேன்: “நடுக்கடலிலை பயமாயிருக்கேல்லையோ?”

“முதல்நாள் அழுதனான். அடுத்தநாள் மத்தியானம் சுக்கானை என்னட்டைத் தந்திட்டு லுச்சியா போய்ப் படுத்திட்டா. குறட்டை கேக்குது! என்னை நம்பி ஒரு ஆள் அப்பிடி நித்திரை கொண்டு நான் கண்டதில்லை, பிள்ளை.”

நான் தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

நேற்று அடக்கம். கோவிலில் எங்கள் சனம் எல்லாரும் முதலில் லுச்சியாவின் கையைப் பிடித்தே துக்கம் விசாரித்தார்கள். அதுவும் எனக்குச் சுட்டது. பெட்டியை மூடுமுன் போய் நின்றேன். செபமாலை சுற்றியிருந்த அக்காவின் விரல்கள் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்திருந்தன. சவர்க்காரத்தில் ஊறி வெளிறிய என் கையை அவற்றின்மேல் வைத்தேன். இறந்தவர்மேலும் பொறாமை வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

போயிட்டு வாங்கோ, பிலோ அக்கா.