குடத்துக்குள் ஒரு விளக்கு

அலுவலகத்தில் அவளைப் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். துடைப்பத்தைக் கையில் எடுத்தால் ஒரு தளம் முழுவதும் முடிகிறவரை நிமிரமாட்டாள். நாற்காலிகள் தாமாகவே காலைத் தூக்கிக்கொள்ளும் என்று மற்ற துப்புரவுப் பெண்கள் கேலி செய்வார்கள். வேலை முடிந்து வாசலுக்கு வந்ததும் அந்தப் புயல் கரையைக் கடந்து வலுவிழந்துவிடும். ஏனென்றால் அங்கே ஒரு மேசை இருந்தது. அதன்மேல் பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். சாப்பாட்டு டப்பாவையும் திறக்க வேண்டும். கணினிகளின் முன் உட்கார்ந்து படங்களுக்கு உயிர் கொடுக்கிற ஆட்கள் பெரிய பெரிய பைகளோடு அதே வாசலில் போவார்கள். அவர்களுக்குக் காவலாளி கதவைத் திறந்துவிடுவார். மேசை துப்புரவு ஆட்களின் நீலச் சீருடைக்கு மட்டும்தான்.

போன வருடம் அங்கே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு காணாமல் போனது. கணினிக்குள் இருந்து படத்தை ஓடவைக்கிற, மூன்று விசிறிகள் வைத்த, செங்கல் கனத்தில் ஒரு சாமான். புயலோடு சேர்ந்து வேலை செய்த ஒருத்தி, எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடுவதால் பாடகி என்று பெயர் பெற்றவள், கடைசியாக அந்த அறையைத் துடைத்திருந்தாள். அவ்வளவுதான் சாட்சி. அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். பிறகு அந்தக் கார்டு ஒரு மேலாளரின் அலமாரியிலேயே கிடைத்தது, அவரே எடுத்து வைத்துவிட்டு மறந்துபோயிருந்தார். காணோம் என்றபோது கட்டடம் முழுக்கக் கேட்டது. கிடைத்தது என்றபோது யார் காதிலும் விழவில்லை. பாடகியை யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை. குற்றத்தை ஆதாரம் தீர்மானிக்க வேண்டும் என்பது ஏட்டில் இருக்கிறது. அந்த வாசலில் சீருடையின் நிறம் தீர்மானித்தது.

இந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் அவள் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

பிள்ளைகள் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று நெடுநாள் முன்பே முடிவாகியிருந்தது. மகளும் அவளுக்கு இளைய மகனும் மாடி வீட்டுப் பையனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எப்போதாவது அவன் எழுந்து இடம் கொடுப்பான். தோற்கப்போகிற ஆட்டத்தைத்தான் கொடுப்பான் என்று ஒருநாள் மாடிக்கு உப்புக் கேட்கப் போனபோது அவள் கவனித்தாள். அன்று முடிவெடுத்தாள். வீட்டில் நாற்காலி, அலமாரி, ஜன்னல் திரை எல்லாமே யாரோ கழித்துப் போட்டவை. பிள்ளைகளின் முதல் கம்ப்யூட்டராவது மிச்சமாக இருக்கக்கூடாது.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று சிறியது, விலை குறைவு, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. இன்னொன்றுக்குப் பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் ஓடியது.

“அக்கா, இது கழுதை, அது குதிரை. ரெண்டுக்கும் நாலு காலுதான். ஓட விட்டாத்தான் வித்தியாசம் தெரியும்.”

“கழுதையே போதும்பா,” என்றான் பார்சல் வேன் ஓட்டும் கணவன். “நானும் பொதி சுமக்குறவன்தான். ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்.”

“அப்பா, நாங்க பொதி சுமக்கப் போறதில்ல, ரேஸ் ஓட்டப் போறோம், சண்ட போடப் போறோம்!” என்றாள் மகள். “கழுதைல ஓட்டுனா படம் நின்னு நின்னு வரும். அதுக்குள்ள நம்மள சுட்டுட்டுப் போயிடுவான்.”

“யாருடி சுடுறான்?”

“எல்லாரும்தாம்பா.”

புயல் சிரிக்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்த அந்தச் சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று விசிறிகள். செங்கல் கனம்.

“சின்னதே எடுத்துக்கலாம்,” என்றாள்.

மகளின் முகம் சுருங்கியது. கணவனுக்கு வியப்பு. குதிரை வாங்கும் அளவுக்குப் பணம் புரட்டியவளே அவள்தான். அவளை ஓரமாக அழைத்துப் போனான்.

“என்ன ஆச்சு உனக்கு? நீதானே பெருசு வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன?”

“ஏங்க, அந்தக் கார்டப் பாருங்க. பாடகி எடுத்தான்னு சொன்னாங்களே, அதே மாதிரி. எங்க ஆபீஸ் சூப்பர்வைசரம்மா தினமும் நம்ம வாசல் வழியாத்தான் போறாங்க. தண்ணி குடிக்க உள்ள வராங்க. இதப் பாத்தா என்ன நினைப்பாங்க?”

“நினைச்சா நினைக்கட்டும். பில்லு இருக்கும்ல?”

“அவ எடுக்கவே இல்லங்க. அதுவே அவளக் காப்பாத்தல. பில்லு என்னத்தக் காப்பாத்தும்?”

கடைக்காரருக்குக் காது கூர்மை. அவர் பின்னறைக்குப் போய், பழுப்பேறிய பழைய கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றைத் தூக்கி வந்தார்.

“அக்கா, உள்ள இருக்குறது எல்லாம் குதிரையாவே இருக்கட்டும். சட்டை மட்டும் இத மாட்டிடுறேன். ஏதோ கம்பெனில கழிச்சுப் போட்ட லாட்டு. உள்ள இடம் தாராளமா இருக்கு, மூடி முழுக்கத் தகரம், எவன் கண்ணுக்கும் எதுவும் தெரியாது.”

அவளுக்கு மூச்சு வந்தது. மகள் மட்டும் விடவில்லை.

“அப்போ லைட்டு?”

“உள்ள எரியும்மா.”

“உள்ள யாருண்ணா பாப்பாங்க? குடத்துக்குள்ள வச்ச விளக்குன்னு புத்தகத்துல படிச்சேன். இன்னிக்குத்தான் நேர்ல பாக்குறேன்.”

“வாய மூடுறியா,” என்றாள் புயல். அந்த அதட்டலில் வெட்கமும் கலந்திருந்தது.

வீட்டில் குதிரை ஓடியது. மகன் முதல் பந்தயத்தில் சுவரில் மோதினான், அடுத்ததில் ஜெயித்தான். தோற்கப்போகாத ஓர் ஆட்டத்தை அவன் கையில் பிடித்திருப்பதைப் பார்த்தபடி அவள் அடுப்படி வாசலிலேயே நின்றாள். மறுநாள் மாலை சூப்பர்வைசர் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மேசையைப் பார்த்தாள்.

“என்ன புயலு, கம்ப்யூட்டரெல்லாம் வந்திருக்கு?”

“பழசுங்க. பசங்க படிக்க.”

“தெரியுது தெரியுது. இதே மாதிரி டப்பாதான் முன்ன நம்ம ஆபீஸ்லயும் இருந்துச்சு.” குடித்து முடித்தாள். “பரவால்ல, நம்ம தகுதிக்கு இது போதும். நாளைக்குப் பாக்கலாம்.”

அவள் தெருமுனையைத் தாண்டியிருக்கமாட்டாள். பென்சில் எடுக்க மேசைக்கடியில் நுழைந்த மகன் அங்கிருந்தே கத்தினான்.

“அம்மா! உங்க ஆபீஸ் பேரு இதுல இருக்கு!”

கேபினெட்டின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர். அலுவலகத்தின் பெயர், கீழே கறுப்புக் கோடுகள், அதற்கும் கீழே ‘நிறுவனத்தின் உடைமை’ என்ற வரி. தினமும் அவள் தூசி தட்டுகிற எல்லா மேசையிலும் இருக்கிற அதே ஸ்டிக்கர்.

நடந்தது என்ன என்பது அவளுக்கு உடனே விளங்கியது. அலுவலகம் பழையதை மொத்தமாக விற்றது, பழைய சாமான்காரர் வாங்கினார், அவரிடமிருந்து கடைக்கு வந்தது. யாரும் எதையும் திருடவில்லை. ஆனால் இதை யாரிடம் சொல்வது? எந்த வாசலில், எந்த மேசைக்கு முன் நின்று சொல்வது? திருடி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, திருட்டுப் பொருள் மாதிரியே ஒன்றைத் தேடி வாங்கி வந்திருக்கிறாள். அதன் வயிற்றில் அதே மாதிரிக் கார்டு வேறு.

கத்தியை எடுத்து வந்து சுரண்டத் தொடங்கினாள். பாதி வந்தது. மீதி பசையோடு அப்படியே பிடித்துக்கொண்டது. பெயரின் முன்பாதி போய்விட்டது, பின்பாதி இருந்தது. ‘உடைமை’ முழுசாக இருந்தது.

வேலை முடிந்து வந்த கணவன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

“ஐயோ, ஏன் சுரண்டுன? முழுசா இருந்தா கடையில வாங்குனோம்னு சொல்லலாம். அரைகுறையாக் கிழிச்சா, இது அசல் திருடன் வேலைல்ல!”

“அப்போ சுவரு பக்கமாத் திருப்பி வைங்க. மேல துணி போடுங்க. பசங்களா, மாடிப் பையன உள்ள கூப்பிடாதீங்க. கேட்டா ரிப்பேர்னு சொல்லுங்க.”

பழக்கத்தில் ஒரு துணியை எடுத்துக் கேபினெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இத நாம திருடிட்டு வந்தோமா?”

“சீ! என்ன பேச்சுடி அது?”

“அப்போ ஏம்மா எல்லாமே திருடுனவங்க மாதிரியே பண்றோம்?”

துணி நின்றது.

பாடகியை வேலையைவிட்டு நீக்கியது ஒரு ஆள் இல்லை, ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு இப்போது சம்பளமில்லாத ஆள் ஒன்று கிடைத்திருந்தது. இந்த வீட்டுக்குள்ளேயே மேசை போட்டு, தன் பிள்ளைகளின் பையைத் தானே கவிழ்த்துப் பார்க்கிற ஆள். இப்படியெல்லாம் அவள் யோசித்திருக்கமாட்டாள். “வேனை எடுங்க, கடை மூடுறதுக்குள்ள போகணும்,” என்று மட்டும் சொன்னாள்.

கடைக்காரர் ஸ்டிக்கரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார். “வேற பழசு தரவாக்கா?”

“வேணாம். கண்ணாடி வச்சதக் குடுங்க.”

“அடி சக்கை!” என்றாள் மகள். அம்மா முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது மகன்தான் அதைச் சொன்னான், ரேஸ் கார்களில் எண் ஒட்டியிருக்கும் என்கிற நினைப்பில். “அம்மா, அந்த பில்ல கண்ணாடியிலயே ஒட்டிடலாமா? கேக்குறவங்க படிச்சுக்கட்டும்.” கணவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாடி வீட்டில் எந்தப் பொருளின்மேலும் யாரும் பில்லை ஒட்டி வைத்ததில்லை. ஆனாலும் ஒட்டினாள், நான்கு மூலையிலும் டேப் போட்டு, கார்டின் பெயர் இருக்கிற வரி வெளியே தெரிகிற மாதிரி.

மறுநாள் மாலை ஜன்னல் திரையை விலக்கி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் வெளிச்சம் ஓட, பில் ஒரு நொடி சிவப்பாகவும் ஒரு நொடி பச்சையாகவும் தெரிந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு பந்தயத்தில் இருந்தார்கள். தெருவில் சூப்பர்வைசரின் பழகிய செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது.

புயலின் வலது கை தானாகத் திரைக்குப் போனது. இடது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே செருப்பு நகரவில்லை. திரை திறந்தே இருந்தது.