மூடியின் மேல் ஒரு கை

ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஹெப்பகோடியில் நான் சேர்ந்த ஜப்பான் கம்பெனியில், புதுப் பொருளின் பாதி வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். சாமான் வாங்குகிறவர், வார்க்கிறவர், விற்கிறவர் என்று யார் வேண்டுமானாலும் அதில் பென்சிலால் கிறுக்கலாம். முன்பு நான் இருந்த அம்பத்தூர் கம்பெனியில், படத்தை முடித்துக் கையெழுத்து வாங்கி அடுத்த டிபார்ட்மெண்ட் தலையில் கட்டிவிடுவோம். அப்புறம் அவர்கள் பாடு. இங்கே முதல் வாரத்திலிருந்தே எல்லோரும் ஒரே ஹாலில்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஹாலில் உருவானது ஒரு மிக்சி. மூடிக்குப் பூட்டு வேண்டும் என்றேன். நம் பெண்கள் மூடியைக் கையால் அழுத்திக்கொண்டுதானே அரைக்கிறார்கள்? குழுத் தலைவர் மோரி சான் மறுக்கவில்லை. “கெம்பா” என்றார். வேலை நடக்கும் இடம் என்று அர்த்தம். அங்கே போய்க் கண்ணால் பார்க்காத எதுவும் அவர்கள் படத்தில் ஏறாது. நானாக யோசித்த முதல் பொருள் அந்தப் பூட்டு. அது தள்ளுபடியாகிவிடக் கூடாதே என்று அவரை வீட்டுக்கு அழைத்தேன்.

விவேக் நகர் வாடகை வீட்டில் என் மனைவி செல்வி என்ன செய்தாள் தெரியுமா? விருந்தாளி வருகிறார் என்று சமையலறையைக் கழுவித் துடைத்து, மஞ்சள் கறை படிந்த மிக்சியைப் பரணில் ஏற்றிவிட்டாள். தட்டில் கடை ஜாங்கிரி. மோரி சான் சமையலறையையே எட்டி எட்டிப் பார்த்தார்.

“சட்னி அரைக்கறதப் பாக்கணுமாம்,” என்றேன்.

“நல்லா இருக்குங்க! வந்தவர உக்கார வெச்சிட்டு மிக்சிய ஓட்டுவாங்களா? என்ன நெனப்பாரு?”

அவர் ஜாங்கிரியை மிச்சம் வைக்காமல் தின்று, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த உபசாரம் என் பூட்டுக்கு உலை வைத்துவிட்டது.

மறுநாள் காலை டிபன் நேரம். கதவைத் திறந்தால், சொல்லாமல் வந்து நிற்கிறார் மோரி சான். உள்ளே செல்வியின் வலது கை ஸ்விட்சில், இடது கை மூடியில். நிறுத்தப் போனவளை வேண்டாம் என்று கையமர்த்தினார். பிறகு அனுமதி கேட்டு, தன் உள்ளங்கையை மூடிமேல் வைத்தார். மூடி துள்ளியது. சட்டையெல்லாம் சட்னி. குழந்தை மாதிரி சிரித்தார். அன்று மாலையே பூட்டு படத்தில் ஏறியது.

அந்த மிக்சிதான் இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. மூடி தானே பூட்டிக்கொள்ளும், கையே வேண்டாம். ஆனாலும் செல்வியின் இடது கை அதன்மேல்தான்.

“பூட்டுதான் இருக்கே?”

“இருந்துட்டுப் போவுது.”

அவளைக் குறை சொல்ல நான் யார்? அடுகோடியில் சொந்த வீடு வாங்கிய பிறகும் சொந்த ஊரான குடியாத்தத்து ரேஷன் கார்டை மாற்றாமல் வைத்திருப்பவன் நான்.