மூன்று வீட்டு மெயின் சுவிட்ச்

போன மாதம் ஒரு வாரம் முழுக்கப் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். காரணம்? புது வெர்ஷன்!

கொல்லங்கோடு பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு காரியம் செய்து வருகிறோம். எந்தத் தோப்பில் என்றைக்கு என்ன தெளித்தோம் என்று செல்போனில் பதிந்துவிடுவோம். அது மூன்று பழைய கம்ப்யூட்டர்களுக்கும் போய்ச் சேரும். ஒன்று என் வீட்டில், ஒன்று கோபாலபுரத்தில் சரஸ்வதி அக்கா வீட்டில், மூன்றாவது மச்சினன் செந்தில் வீட்டில். ஒன்று படுத்தாலும் மற்றவை தாங்கும். இதைச் செய்கிற சாஃப்ட்வேர் இலவசம். அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பராமரிப்பு மட்டும் என் தலையில்.

பழைய வெர்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி உயிரோடு இருந்தாலே பதிவைக் காட்டிவிடும். புதியது அப்படி இல்லை. மூன்றில் இரண்டாவது விழித்திருந்து, 'ஆமாம், இதுதான் கடைசிப் பதிவு' என்று ஒத்துக்கொண்டால்தான் வாயைத் திறக்கும். ஆஹா, என்ன பொறுப்பு! மூன்றிலும் ஏற்றினேன். ஏற்றிவிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன்.

பொள்ளாச்சியில் என் மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். நெருங்கின சொந்தம் — மூன்று நாள் முன்னதாகவே போய்விட்டோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் எங்கள் பக்கம் என்ன செய்வோம்? கேஸை மூடுவோம், கொல்லைக் கதவைத் தாழிடுவோம், மெயினை ஆஃப் செய்வோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் கிளம்பிய அக்காவும் அதையே செய்தாள். செந்திலும் அதையே செய்தான். மூன்று ஊரில் பெட்டி வைத்த மேதாவிக்கு, மூன்று வீடும் ஒரே பந்தியில் உட்காரும் என்பது மட்டும் தோன்றவே இல்லை!

தாலி கட்டி முடிந்து இலை போட்டாயிற்று. அக்காவுக்கு போன். இயற்கை விவசாயச் சான்றிதழ் கொடுக்கிற அதிகாரி. திங்கட்கிழமை வருவதாகச் சொன்னவர், இந்தப் பக்கம் வந்ததால் இன்றைக்கே தோப்பைப் பார்க்கிறாராம். பதிவைக் காட்டாவிட்டால் சான்றிதழ் இல்லை. மூன்று வருஷமாக ஒரு சொட்டு ரசாயன மருந்து அடிக்காமல் அக்கா கண்ணும் கருத்துமாக வளர்த்த தோப்பு அது.

அக்கா பட்டுச்சேலையோடு தோப்புக்கு ஓடினாள். நான் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். மெயினைப் போட்டேன். பெட்டி எழுந்தது. 'இன்னொரு பெட்டி வரட்டும்' என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

போன் அடித்தது.

"ஏண்டா, ஆபீசரு வாச்சப் பாக்கறாருடா. தொறக்குதா இல்லியா?"

"ஒரு பெட்டிதானக்கா வந்துருக்குது. இன்னொண்ணு வேணும்."

"பழசு நல்லாத்தானடா இருந்துச்சு? அத எவன்டா உன்னைய நோண்டச் சொன்னது?"

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அக்கா வீட்டுச் சாவி மாமாவின் சட்டைப் பையில். மாமா இன்னும் மண்டபத்தில். போன் போட்டால், "சித்த இருங்க மாப்ள, மோர் ஊத்தறாங்க" என்கிறார்! கெஞ்சிக் கூத்தாடி அவரைப் பைக்கில் கோபாலபுரத்துக்கு விரட்டினேன்.

மாமா மெயினைப் போட்டார். இரண்டு பெட்டியும் பேசிக்கொண்டன. பதிவு திறந்தது.

அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் முன்னதாகவே மெயினை அணைத்துவிட்டதால், அதற்குப் பிறகு அக்கா பதிந்த இரண்டு தெளிப்பு என் பெட்டியில் இல்லவே இல்லை. இப்போதுதான் அக்கா வீட்டுப் பெட்டியிடம் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதிகாரி முதலில் கேட்டது எதை? "இலையில எண்ணெ வாடை அடிக்குதே, இது என்னைக்குத் தெளிச்சது?" அக்கா செல்போனை நீட்டினாள். அந்த இரண்டில் ஒன்றுதான்: வேப்பெண்ணெய், தேதியோடு.

பழைய வெர்ஷனாக இருந்திருந்தால்? என் பெட்டியின் அரைகுறைப் பதிவை நொடியில் நீட்டியிருக்கும். மறைத்து எதையோ அடித்திருக்கிறீர்கள் என்று அவர் எழுதிக்கொண்டு போயிருப்பார்.

சான்றிதழ் உறுதி என்று தெரிந்ததும் அக்கா போனில் சிரித்தாள். "தெரியாததத் தெரியாதுங்குது பாரு. உன்னையவிட அது தேவலடா!"

சரி, இனி? என் வீட்டு மெயினை அணைப்பதில்லை என்று மனைவியிடம் உறுதி வாங்கினேன். ஆனால் இரண்டு பெட்டி வேண்டுமே? செந்தில் வீட்டுப் பெட்டியை, எங்கள் விசேஷங்களுக்கு வராத ஒரு வீட்டுக்கு மாற்றியாக வேண்டும். யார் வராதவர்? பங்காளி சின்னச்சாமி! வேலித் தகராறில் எட்டு வருஷமாக எங்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. காதுகுத்தா, கல்யாணமா, எட்டிப் பார்க்க மாட்டார்.

கூச்சத்தை விட்டுப் போய்க் கேட்டேன். முறைத்தார். யோசித்தார்.

"வெய்யுங்க. ஆனா என்ற தோப்பையும் அதுல ஏத்தோணும்."

ஏற்றினேன். பெட்டியைப் பார்க்கப் போனால் காபி, அவர் வந்தால் டிபன்... பேச்சு வளர்ந்தது. நேற்று அவரே தாம்பூலத் தட்டோடு படியேறி வந்தார். மகளுக்குக் கல்யாணம்.

"முந்தின நாளே ஊட்டப் பூட்டிட்டு எல்லாரும் வந்தரோணுங்க!"

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும்... எங்களோடு பேசாத சொந்தக்காரர் இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா?