வெயில் காயும் நேரத்தில் ஃபேன் ஓடக்கூடாது

டெல்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் எனக்கு வேலை. அத்தனை வீட்டுக் கழிவுத் தண்ணீரும் என்னிடம்தான் வரும். முதலில் கிருமிகள் அதிலுள்ள அழுக்கைத் தின்னும். பிறகு, சேமியாவைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டது போன்ற வெள்ளைக் குழல்கள் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுவோம். மெம்பிரேன் என்று பெயர். அழுக்கு வெளியே நின்றுவிடும். தெளிந்த தண்ணீர் பூங்காவுக்குப் போகும். அந்தப் புல்லில் உட்கார்ந்துகொண்டுதான் குடியிருப்பவர்கள் எங்களைப் பார்த்து மூக்கைப் பிடிப்பார்கள்.

குளிர்காலம் வந்தால் மதியத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூங்ஃபலி என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே வெயில் காய்வார்கள். அடித்தளக் காற்றை வெளியேற்றும் ஃபேனின் வாய் அந்தப் பூங்கா ஓரத்தில் இருந்தது. வாடை வருகிறதாம். குடியிருப்புச் செயலாளர் உத்தரவு போட்டார்: வெயில் காயும் நேரத்தில் ஃபேன் ஓடக்கூடாது. காவலாளி மேலே மின்சார அறையில் சுவிட்சை இறக்கிவிடுவார்.

எனக்கும் அந்த நேரம்தான் வேண்டும். வீடுகளில் தண்ணீர்ப் புழக்கம் குறைகிற மதியத்தில்தான் குழல்களைக் கழுவ முடியும். அதற்கு இரண்டு மருந்து. முதலில் ப்ளீச்சிங் திரவம். அதை முழுக்க வடித்து, அலசி, அப்புறம்தான் சிட்ரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், தரையோடு தங்கும். செயலாளரிடம் சொன்னேன்.

"தோடா அட்ஜஸ்ட் கரோ, பையா" என்றார். கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டுமாம்.

அட்ஜஸ்ட் செய்ய நுரையீரலுக்குத் தெரியாது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இந்தி வராது.

என்னோடு வேலை பார்த்தவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். மனைவி, மகளோடு குடிசைப் பகுதியில் இருந்தார். குழல்களைக் கழுவும் தொட்டிக்கு இரும்பு மூடி, உள்ளே தெரியாது; மருந்தை மூடியிலுள்ள புனல் வழியாகத்தான் ஊற்றுவோம். தொட்டி காலியானதும் வடிகால் பம்ப் தானாக நின்றுவிடும். அதனால் நாங்கள் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதே இல்லை. பம்ப் சத்தம் நின்றால் தொட்டி காலி என்று காதை நம்பிப் பழகியிருந்தோம்.

உத்தரவுக்குப் பின் வந்த முதல் கழுவும் நாளில், ப்ளீச்சிங் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தபோது, இன்றைக்கு மட்டுமாவது ஃபேனை விடுங்கள் என்று கெஞ்ச மேலே போனேன். அதற்குள் காவலாளி சுவிட்சை இறக்கிவிட்டார். எவனோ ஓர் எலெக்ட்ரீஷியன் பம்ப்பையும் அதே லைனில் கொடுத்திருந்தான். அது பிறகுதான் தெரிந்தது. கீழே பம்ப் நின்றது. விழுப்புரத்துக்காரர் பேருக்கு ஓர் அலசு விட்டு, அமிலத்தை ஊற்றினார்.

நான் செயலாளரிடம் வாதாடிக்கொண்டிருந்தபோதே அந்த நெடி படிக்கட்டில் ஏறி வந்தது. சுவிட்சைப் போடச் சொல்லிக் கத்திவிட்டு, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினேன். அவர் கடைசிப் படியில் தவழ்ந்துகொண்டிருந்தார். இழுத்து வந்து புல்லில் கிடத்தினேன். இருமலோடு நுரை வந்தது. நாற்காலிக்காரர்கள் தள்ளிப் போனார்கள்.

"ஃபிர் ஸே பத்பூ!" மறுபடியும் நாற்றமாம். சொன்ன அம்மாளை அடித்துவிடலாம் போலிருந்தது.

சில நாள் கழித்து அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார்.

"பம்ப் நின்னுச்சுண்ணே. காலின்னுதான் ஊத்தனேன்."

"ஒன் மேல ஒரு தப்பும் இல்லப்பா. மொதல்ல மாஸ்க்க போடு."

"அடுத்த கழுவலுக்கு வந்துடுறேண்ணே. என் எடத்துல வேற ஆள உட்டுடாதீங்க."

அன்று காலையிலேயே செயலாளர் புது ஆளை அனுப்பியிருந்தார். ஃபேன் உத்தரவும் அப்படியேதான் இருந்தது. அவரிடம் யாரையும் விடவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெயில் இதமாக இருந்தது. இந்நேரம் காவலாளி சுவிட்சை இறக்கியிருப்பார். எதையும் தொடாதே என்று புது ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் செயலாளர் சொன்னால் தொடுவான். கைபேசியில் கூப்பிட்டேன். அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காது. தெரிந்தும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே, நடுத்தெருவில் இறங்கி ஓர் ஆட்டோவை மறித்தேன்.